தண்டமும் தண்ணளியும்

சைவ நன்மக்களுக்குச் சிறை என்பது புறத்தாரைப் பற்றிய செய்தியன்று. சமயாசாரியர் நால்வருள் இருவர் அரச தண்டத்திற்கு ஆளாயினோர். திருநாவுக்கரசடிகளைப் பல்லவன் ஏழு நாள் நீற்றறையில் இட்டு அடைத்தான். திருவாதவூரடிகளைப் பாண்டியன் சிறையிலிட்டதோடு வைகையின் சுடுமணலிலும் நிறுத்தினான். சிறையில் இருப்பார் எல்லாரும் தீயோரே, அவரைப் பற்றி நமக்கென்ன கவலை என்று கருதுவார், இவ்விரு வரலாறுகளையும் ஓதுபவராயின், ஓதுவதன் பொருளைச் சற்றே நின்று நோக்குதல் வேண்டும். தண்டிக்குங் கை எக்காலத்தும் அறத்தின் கையே என்பதற்கு உறுதியில்லை. ஆயினும், தண்டமே வேண்டா என்பதும் நம் சமயத்தின் துணிபன்று. ஆகலின், எத்தகைய தண்டம் அறமாம், எத்தகையது மறமாம் என்னும் ஆராய்ச்சி சித்தாந்திகளாகிய நமக்கு உரியதேயாம்.

கந்தபுராணம் இருவகைச் சிறைகளைக் காட்டுகின்றது. ஒன்று, சூரபன்மன் வீரமகேந்திரத்தில் அமைத்தது. அதன்கண் இந்திரன் மைந்தனாகிய சயந்தனும் தேவரும் குற்றம் ஆராயப்படாமலும், கால எல்லை குறிக்கப்படாமலும் கிடந்து வாடினர். மற்றொன்று, குமரப்பெருமான் நான்முகனை இட்ட சிறை. பிரணவத்தின் பொருள் வினாவப்பட்டு, அதற்கு விடை கூறமாட்டாது மயங்கிய பின்னரே நான்முகன் சிறைப்பட்டான். ஆராய்வு முன்னும் தண்டம் பின்னுமாக அங்கே நிகழ்ந்தன. சிவபெருமான் எழுந்தருளி அருளியவாறு அவன் விடுவிக்கவும் பட்டான். விடுபட்ட நான்முகன், குமரவேள் செய்த தண்டம் தனக்கு நல்லுணர்வு தந்து, யான் என்னும் அகந்தையைப் போக்கித் தன்னைத் தூயனாக்கியதன்றித் துயராயிற்றில்லை என்று விண்ணப்பித்ததாகக் கச்சியப்ப சிவாசாரியர் பாடுகின்றார். பின்னர்ப் படைப்புத்தொழில் அவனுக்கே மீண்டது. ஒருகாற் சிறைப்பட்டவன் என்று சொல்லி அவன் பதவியை எவரும் மறுத்திலர்.

சூரன் சிறை பகையினால் எழுந்தது. குமரன் சிறை அருளினால் எழுந்தது. சுவரும் தாளும் இரண்டிற்கும் ஒன்றேயாயினும், உள்ளே புகுந்தவன் எத்தன்மையனாய் வெளிப்பட்டான் என்பதே அவ்விரண்டினையும் வேறுபடுத்துவதாம்.

இனி, சித்தாந்த நூல் இதனை எங்ஙனம் வரையறுக்கின்றது என்று காண்போம். இறைவன் கருணை அறக்கருணை, மறக்கருணை என இருதிறப்படும். சொற்கேளாத மகனைப் பெற்றோர் உறுக்குதலும், வளாரால் அடித்தலும், கட்டிவைத்தலும் ஆகிய எல்லாம் பரிவின் செயலேயன்றிப் பகையின் செயல் அல்ல. இறைவன் முனிவும் அத்தன்மைத்தே என்பது அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரில் தந்த விளக்கம். அவரே அரசன் செய்யுந் தண்டத்தையும் இரண்டாஞ் சூத்திரத்தில் எடுத்துப் பேசுகின்றார். அரசன் ஒறுப்பதும் ஈசன் அருள்வழி நிகழ்வதே. அரும்பாவஞ் செய்தாரை அவன் தண்டத்தில் வைத்து, அறிவுறுத்தித் தீர்ப்பான். அவர் பின்பு நெறிவழி நடந்து தூயராவர். நிரயமும் புகார் என்பது அவர் உரைத்ததன் கருத்து.

இதனுள் மூன்று இலக்கணங்கள் அடங்கியுள்ளன. குற்றம் இன்னதென ஆராய்ந்து தெளிதல் முதலாவது. தண்டிக்கப்படுவானுக்கு அறிவு விளங்குமாறு தண்டித்தல் இரண்டாவது. தண்டம் முடிந்தபின் அவனைத் தூயனெனக் கொள்ளுதல் மூன்றாவது. இவற்றை ஆராய்வு, அறிவுறுத்தல், மீட்பு என்று சுருங்கச் சொல்லலாம். இம்மூன்றனுள் ஒன்று குறையினும் தண்டம் ஈசன் அருள்வழி நின்று வழுவிச் சூரன் நெறியிற் சென்றுவிடும் என்க. மூன்றாவதனை உலகம் எளிதில் மறந்துவிடுகின்றது. நுகர்ந்த வினை நுகர்ந்து கழிந்ததே. கழிந்த வினையை மீளவும் ஒருவன் தலையிற் சுமத்த இறைவனே ஒருப்படாதபோது, மாந்தராகிய நாம் ஒருப்படுதல் எங்ஙனம் பொருந்தும்?

இவ்வுரைகல்லைக் கையிற்கொண்டு தண்டமுறையின் வரலாற்றைப் பார்ப்போம். பழந்தமிழ் நாட்டில் சிறைக்கோட்டங்கள் இருந்தனவாயினும், இக்காலத்துப்போல ஆண்டுக்கணக்காக அடைத்துவைத்தல் தண்டத்தின் பெருவழக்காக இருந்ததில்லை. பொருள் இறுத்தலும், உறுப்புக் குறைத்தலும், உயிர் வாங்குதலும் வழங்கின. அவற்றிடையே வியக்கத்தக்க வேறொரு முறையும் உண்டு. வேட்டையாடுங்கால் குறிதவறி மனிதன்மேல் அம்பு பட்டு உயிர் நீங்கியதுபோன்ற வழக்குகளில், ஊராரும் நாட்டாரும் கூடி ஆராய்ந்து, கருதிச்செய்த கொலையன்று எனக் கண்டு, இறந்தார் பொருட்டுத் திருக்கோயிலில் நந்தாவிளக்கு எரிக்குமாறு செய்தானைப் பணித்தமையைச் சோழர் காலத்துக் கல்வெட்டுக்கள் அறிவிக்கின்றன. ஒரு விளக்கிற்குத் தொண்ணூறு அல்லது தொண்ணூற்றாறு ஆடுகள் விடுதல் அக்கால வழக்கு. ஓர் உயிர் அவிந்ததற்கு ஈடாக அவியாத விளக்கு ஒன்று ஏற்றப்பட்டது. செய்தான் தன் பொருளை இழந்தான். ஆனால் தன் ஊரையும் உறவையும் இழந்திலன். மூன்று இலக்கணங்களும் இதன்கண் நிரம்பியிருத்தலைக் காண்க.

பிறசமயக் காப்பியமாயினும் மணிமேகலையை ஈண்டு நினைத்தல் தகும். பூம்புகாரில் சிறைப்பட்டோர்க்கு அமுதூட்டிய மணிமேகலை, மாவண்கிள்ளியிடம் வேண்டிப்பெற்ற வரம் ஒன்றே. சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆகவேண்டும் என்பதே அது. அந்நிகழ்ச்சி அந்நூலின் ஒரு காதைக்கே பெயராயிற்று. நம் காலத்திலும் இதனையொத்த ஒன்று நிகழ்ந்தது. 1837-ஆம் ஆண்டிற் கட்டப்பெற்ற சென்னை மத்தியச் சிறையிலிருந்தோர் 2006-இல் புழலுக்கு மாற்றப்பட்டனர். 2009-இல் அப்பழங் கட்டடம் இடிக்கப்பட்டு, அந்நிலம் சென்னை மருத்துவக் கல்லூரிக்கு உரியதாயிற்று. கைதிகள் விடுதலை பெற்றாரல்லர், இடமே மாறினர் என்பது உண்மையே. ஆயினும், பூட்டு இருந்தவிடத்தில் நோய் தீர்க்குங் கல்வி புகுந்தது நன்றேயாம்.

இக்காலத்துச் சிறைமுறை ஆங்கிலேயர் ஆட்சியில் உருவாயது. மெக்காலே பிரபுவின் தூண்டுதலால் அமைந்த குழு 1838-இல் தந்த அறிக்கை, சிறை அச்சந்தரும் இடமாதல் வேண்டும், சலிப்பூட்டுங் கடுவேலை ஆங்கே இருத்தல் வேண்டும் என்ற கருத்துடையது. 1858-இல் அந்தமானில் தண்டனைக் குடியேற்றம் தொடங்கிற்று. 1860-இல் இந்தியத் தண்டனைச் சட்டமும், 1894-இல் சிறைகள் சட்டமும் பிறந்தன. அச்சுறுத்துதலே அம்முறையின் உயிர்நாடி. அறிவுறுத்துதல் அதன்கண் இடம்பெறவில்லை.

அம்முறையின் வன்மையைத் தம் உடலால் அறிந்த சைவப் பெரியார் ஒருவர் உளர். வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்கள் 1908-இல் இரட்டை ஆயுள்தண்டனை விதிக்கப்பெற்று, அது மேன்முறையீட்டிற் குறைக்கப்பெற, கோயம்புத்தூர், கண்ணனூர்ச் சிறைகளில் இருந்து, 1912 டிசம்பரில் விடுதலையானார்கள். கோவைச் சிறையில் மாட்டிற்கு ஈடாக அவர்களைச் செக்கிழுக்க வைத்தனர். அவர்களே பின்னர்ச் சிவஞானபோதத்திற்கு உரை வகுத்து 1935-இல் வெளியிட்டார்கள் என்பதை நம் அன்பர்கள் அறிவர். பாசத்தினின்று விடுபடும் நெறியை உரைத்தவர் விலங்கின் எடையைத் தாமே அறிந்தவர். சிறைவாயில் திறந்தபின்னும் அவர்கள் தண்டம் முடிந்ததில்லை. வழக்குரைஞர் உரிமை பறிபோயிருந்தமையால் வறுமையில் உழன்றார்கள். வாலிஸ் என்னும் ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் அவ்வுரிமை பின்னாளில் மீண்டது. அந்நன்றி மறவாது தம் மைந்தர் ஒருவர்க்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டார்கள். மீட்பு என்னும் மூன்றாம் இலக்கணம் இன்றேல், விடுதலையும் வேறொரு சிறையே என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

பையப்பைய அவ்வரசின் மனமும் நெகிழ்ந்தது. சென்னை மாகாணத்தில் 1920-இல் சிறார் சட்டமும், 1925-இல் இளையோர்க்குரிய பார்ஸ்டல் பள்ளிச் சட்டமும், 1936-இல் நன்னடத்தைச் சட்டமும் வந்தன. 1919-20-இல் ஆராய்ந்த இந்தியச் சிறைக்குழு, குற்றவாளியைத் திருத்துதலும் சிறையின் நோக்கமாதல் வேண்டும் என்று வெளிப்படையாகக் கூறிற்று. உரிமை பெற்றபின் 1955-இல் கசையடி ஒழிந்தது; 1958-இல் நாடு முழுமைக்கும் நன்னடத்தைச் சட்டம் ஏற்பட்டது. இவையெல்லாம் சூரன் சிறையைக் குமரன் சிறையாக்க மேற்கொண்ட முயற்சிகளே.

ஆயினும் முயற்சி முற்றுப்பெற்றதில்லை. ஆராய்வு என்னும் முதல் இலக்கணத்தையே எடுத்துக்கொள்வோம். 2022-ஆம் ஆண்டிறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தோர் 5,73,220 பேர். அவருள் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்கிட்டது. நூற்றுக்கு எழுபத்தைந்துக்கு மேற்பட்டோர் குற்றவாளி எனத் தீர்ப்புப் பெறாமலே அடைபட்டிருந்தனர். வீரமகேந்திரத்துத் தேவரை நினைந்து கண்ணீர் வடிக்கும் நாம், இவரை நினையாதிருத்தல் முறையோ? இவருட் பலர் பிணை கிடைத்தும் பிணைப்பொருள் கட்ட வகையின்றி இருப்போர் ஆவர். 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சங்கிதையின் 479-ஆம் பிரிவு, முன்னர்த் தண்டனை பெறாதவர் தம் குற்றத்திற்குரிய பெருந்தண்டனைக் காலத்தில் மூன்றிலொரு பங்கைக் கழித்துவிட்டால், மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரியதல்லாத வழக்குகளில், பிணையில் விடுவிக்கப்படலாம் என்கின்றது. நல்ல விதியே. விதி ஏட்டில் இருப்பதும் ஏழையின் கைக்கு எட்டுவதும் வேறு வேறு.

குற்றத்தை ஆராயாது பிறப்பை ஆராய்ந்து தண்டித்த கொடுமையும் இந்நாட்டில் நிகழ்ந்தது. 1871-இல் தோன்றி, 1911-இல் சென்னை மாகாணத்திற்கும் பரவிய குற்றப் பழங்குடிச் சட்டம், சில குலங்களிற் பிறந்தாரைப் பிறந்தவாறே குற்றவாளிகள் எனப் பதிவுசெய்தது. கைரேகை பதிய மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள்மேல் 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் துப்பாக்கி பாய்ந்தது. இச்சட்டம் 1947-இல் சென்னை மாகாணத்திலும், 1952-இல் நாடு முழுவதிலும் நீங்கிற்று. மாகாணத்தில் அது நீங்கியகாலை முதன்மையமைச்சராய் இருந்தவர், மயிலத்திற்கு அணித்தாகிய திண்டிவனம் பகுதியின் ஓமந்தூரிற் பிறந்த இராமசாமி ரெட்டியாரவர்கள் என்பது நம்மனோர் உவந்து நினைத்தற்குரியது. எனினும் அதன் வேர் முழுதும் அற்றதில்லை. சாதி நோக்கிச் சிறைவேலைகளைப் பகுத்த விதிகள் சிறைக் கையேடுகளில் நின்று நிலவியமையை உச்சநீதிமன்றம் 2024 அக்டோபர் 3-ஆம் நாள் எடுத்துக்காட்டி, அவற்றைச் செல்லாதனவாக்கிற்று. வினை உயிரைச் சார்வதன்றிக் குலத்தைச் சார்வதன்று. ஒருவன் வினையை அவன் குலத்தார்மேல் ஏற்றுதல் சித்தாந்தத்திற்கு முற்றும் மாறாம்.

அற்றேல், சிறைப்பட்டோன் துன்புறுதல் அவன் முன்வினைப்பயனே. அதனை நாம் இடைபுகுந்து மாற்றுதல் இறைவன் ஆணைக்கு முரணாகாதோ எனின், ஆகாது என்க. நோயும் வினைப்பயனே. அதுபற்றி மகவின் நோய்க்கு மருந்து கொடாத தாய் உண்டோ? வினையை அளவறிந்து ஊட்டுவோன் முற்றறிவுடைய இறைவன் ஒருவனே. பிறனொருவன் இன்னும் எவ்வளவு துன்புறுதற்கு உரியன் என்பதை அளந்தறியும் கருவி நம்மிடத்தில் இல்லை. அவன் வினை அவனை வருத்துகின்றது என்று சொல்லி நாம் வருத்துவோமாயின், அவன் பிராரத்தம் கழிகின்றதோ இல்லையோ, நமக்கு ஆகாமியம் ஏறுதல் உறுதி. வினைக்கொள்கை துன்புறுவானைப் பார்த்துச் சொல்லும் வசைமொழியன்று. தன்னைத்தான் நோக்கித் திருந்துதற்கு ஏற்பட்ட கண்ணாடியே அது.

இனி, தண்டம் தளர்ந்தால் தீமை பெருகும், மனுவேந்தன் தன் மகன்மேலே தேரூர்ந்தமையன்றோ நீதி என்பாரும் உளர். இவ்வினா எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. மகனை இழந்த தாய்க்கும், உடைமை பறிகொடுத்த ஏழைக்கும் அரசு மறுமொழி கூறக் கடமைப்பட்டுள்ளது. கொடியோரை ஒறுத்தலைக் களைகட்டலோடு வள்ளுவரும் ஒப்பிட்டனர். ஆனால் மனுவேந்தன் வரலாற்றின் உயிர் கடுமையில் இல்லை, நடுவுநிலைமையிலேயே உள்ளது. பசுவின் கன்றுக்கும் அரசன் மகனுக்கும் ஒரே நீதி என்பதே அவன் காட்டியது. எளியோன்மேல் தேரூர்ந்து வலியோனுக்கு வழிவிடும் நீதிக்கு அவனைச் சான்று காட்டுதல் பொருந்தாது. வள்ளுவரும் வெருவந்த செய்யாமையில், கோலை ஓங்குதற்குக் கடுமையும் அது வீழ்தற்கு மென்மையும் வகுத்தனர். ஒறுத்தலின் பயன் குற்றம் மீள நிகழாமையே; ஒறுத்தவனின் சினந்தணிதல் அன்று.

உயிர்வாங்குந் தண்டம்பற்றி ஒன்றுமட்டும் சொல்லுவோம். பொற்கொல்லன் சொல்லை ஆராயாது ஏற்ற பாண்டியன் கோவலன் உயிரை வாங்கினான். உண்மை வெளிப்பட்டபின் தன் உயிரையே கொடுத்தும் அத்தண்டத்தை அவனால் மீட்க இயன்றதில்லை. திருவாரூர் வீதியில் தேர்க்காலிற்பட்ட மகனையும் கன்றையும் எழுப்பியருளியவன் சிவபெருமான். அவ்வாற்றல் நீதிமன்றங்களுக்கு இல்லை. மீட்க இயலாத தண்டத்தை, பிழைபடும் இயல்புடைய மாந்தர் கையிற்கொள்ள அஞ்சுதலே அறிவுடைமையாம்.

சிறைக்கு மாற்றாவன யாவை? சிறு குற்றங்கள் சிலவற்றிற்குச் சமூகத் தொண்டினைத் தண்டமாகப் பாரதிய நியாய சங்கிதை 2024 ஜூலை முதல் வகுத்துள்ளது. முதன்முறை திருடியவன், பொருளின் மதிப்பு ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைவாயின், அதனைத் திருப்பிக் கொடுத்துத் தொண்டு செய்து கழுவாய் தேடலாம். திறந்தவெளிச் சிறைகளும் உள்ளன. சிவகங்கைப் பகுதியின் புரசடையுடைப்பிற் கைதிகள் உழுது பயிரிடுகின்றனர். இவை மேனாட்டினின்று வந்த புதுமைகள் என்று எண்ணுவார் நந்தாவிளக்குக் கல்வெட்டுக்களை நினைக்க. நீற்றறையினின்று மீண்ட நாவுக்கரசர் கையில் ஏந்தியது பழிவாங்கும் படையன்று, உழவாரமேயாம். அவரை வருத்திய பல்லவனும் பின்னர் மனந்திருந்தித் திருவதிகையிற் குணபரவீச்சரம் எடுத்தான். தொண்டு ஒருவனை இழிவுபடுத்துவதற்கன்று, உயர்த்துவதற்கே உரியது. ஆகலின், கண்டார் எள்ளுமாறு தொண்டு செய்வித்தல் கூடாது. செய்பவன் தன் கையால் ஒரு நன்மை விளைந்ததென்று தானே கண்டு மகிழுமாறு செய்வித்தல் வேண்டும்.

சைவவுலகம் செய்யத்தக்கனவும் சில உள. பொருளின்மையால் பிணை பெறமாட்டாதார்க்குப் பிணைப்பொருள் உதவலாம். மாகேசுர பூசைக்குச் செலவிடும் அன்பர்கள் இதனையும் ஒரு சிவபுண்ணியமாகக் கொள்ளலாம். விழுப்புரத்தை அடுத்த வேடம்பட்டுச் சிறை போன்ற இடங்களில், அதிகாரிகள் இசைவு பெற்று, எழுத்தறியாதார்க்கு எழுத்தும் விரும்பினார்க்குத் திருமுறையும் கற்பிக்கலாம். யாவற்றினும் முதன்மையாக, விடுதலை பெற்று வந்தவனுக்குத் திருமடங்களும் நிலமுடையாரும் கடையுடையாரும் வேலை கொடுத்தல் வேண்டும். தூயராவர் என்று ஆசிரியர் அருளியதை நம்புவோமாயின், அந்நம்பிக்கை நம் வீட்டு வாயிலில் வெளிப்பட வேண்டும். திருக்கோவலூரை ஆண்ட மெய்ப்பொருள் நாயனார், தம்மைக் குத்திய முத்தநாதனை ஊரார் சினத்தினின்று காத்து எல்லை கடத்திவிடுமாறு தத்தனைப் பணித்து, அச்செய்தி வரும்வரை உயிர் தாங்கியிருந்தனர். அவ்வளவு நம்மால் இயலாது. குற்றஞ் செய்து, தண்டமும் கழித்து, தலைகுனிந்து வந்து நிற்பவனை ஏசாதிருத்தலேனும் நம்மால் இயலும்.

மறக்கருணையின் முடிவு எங்ஙனம் இருக்கும் என்பதற்கு நாம் தொலைவில் தேடவேண்டுவதில்லை. திருவதிகையில் முப்புரம் எரிந்தபின், அழியாது எஞ்சிய அசுரர் மூவருள் இருவர் வாயில் காவலராயினர், ஒருவர் குடமுழா முழக்குவோராயினர். திருக்கோவலூரில் சூலத்தில் ஏந்தப்பட்ட அந்தகன் சிவகணத்துள் ஒருவனாயினான். மயிலத்து மலையே சூரபன்மன் மயிலுருவில் தவங்கிடந்து ஊர்தியாம் பேறு பெற்ற இடம் என்பது அத்தலத்தின் வரலாறு. தேவர்க்குச் சிறை செய்தவன், பெருமானைத் தாங்கும் சிறையுடையவன் ஆனான். சிறை என்னும் சொல் அடைப்பிற்கும் பறவையின் இறகிற்கும் பெயராதலைத் தமிழறிஞர் அறிவர். முன்னதனைப் பின்னதாக்குதலே அருளின் தொழில். பங்குனி உத்திரத்தில் அம்மலையேறும் அடியார் ஒவ்வொருவரும் வணங்குவது பெருமானை மட்டுமன்று. அவனைச் சுமந்து நிற்கும் பழைய குற்றவாளியையும் சேர்த்தேயாம்.

திருச்சிற்றம்பலம்.